மூன்றாம் வாரத்து அழுக்கு

செப்டம்பர் பாதி கூட முடியவில்லை,
அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு.
பெட்ரோல் பங்க் லைல் சொல்கிறான்
இந்த வருடம் கோப்பை நமக்குத்தான் என்று.
முடிவெட்டுகிற ஆர்டென் கத்தரியை நிறுத்திவிட்டு
குவார்ட்டர்பேக் ஹாஸ்கெட்டின் வலக்கையைப் புகழ்கிறான்,
நாற்காலியில் இருப்பவர்
பாதித் தலையோடு ஆமோதிக்கிறார்.

எனக்கும் கருத்து உண்டு.
ஆனால் நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
மைதானத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில்
நாலு சலவை இயந்திரங்களோடு இருக்கிறேன்.
கூரை அதிர்ந்தால் நமக்கு டச்டவுன்.
கூரை முனகினால் அவர்களுக்கு.
அரை மணி நேரம் கழித்து
வண்டி வண்டியாக வந்து சேரும்
நெப்ராஸ்கா மண்.

முதல் வாரம் டென்பியை நாற்பத்தொன்றுக்குப் பத்தென்று அடித்தோம்.
மறுநாள் பேப்பரில் முழுப்பக்கம் ஹாஸ்கெட்,
ஏழாம் எண், பல் தெரிய.
அந்த ஜெர்சியைக் கையில் எடுத்தவள் நான்.
மடிப்புக்கூடக் கலையவில்லை.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊர் இது.

அறுபத்தேழாம் எண்ணைக் கேளுங்கள்.
மிலோ கூபிக். இடப்பக்கத்துத் தடுப்பாளன்.
இரு முழங்கையிலும் புல்,
அக்குளில் கிழிசல்,
மார்பில் யாருடையதோ ரத்தம்.
அவன் இடித்துத் திறந்த சந்தில்தான்
மற்றவர்கள் ஓடிப் புகழ் வாங்கினார்கள்.
பேப்பரில் அவன் பெயர் இல்லை.
வந்திருந்தாலும் எழுத்துப்பிழையோடு வந்திருக்கும்.

எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர்.
கொக்குக்கு ஒன்றே மதி என்பது
கோச்சைப் பார்த்தால் புரியும்:
பந்தைக் கொடு, கூபிக்கின் பின்னால் ஓடு.

இரண்டாம் வாரம்
ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.
கடைசி நிமிடம், எளிய உதை,
ஓர்டாஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதாம்.
அன்றைக்கு மேலே முனகல்கூட இல்லை.
ஊர் முழுக்க அவனைத் துவைத்துக் காயப்போட்டது.

அவன் உடை மூட்டையில் அடியில் கிடந்தது.
வெள்ளைவெளேர்.
முழங்கால்களில் மட்டும் இரண்டு வட்டம், பச்சையாக.
அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் பாவி.

அதே மூட்டையில் பெட்டிஃபோர்டின் ஷூ.
இரண்டாம் பாதியில் அவன் பிடித்த பந்தை
கோட்டை மிதித்துவிட்டான், செல்லாது என்றார் நடுவர்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன் விளக்கடியில்.
நுனியில், ஓரத்தில், ஆணிகளுக்கு இடையில்
சுண்ணாம்பு ஒரு பொட்டும் இல்லை.
இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?
துடைத்து
அலமாரியில் வைத்தேன்.

மூன்றாம் வாரம் மழை.
பதின்மூன்று ஒன்பது, ஜெயித்தோம் என்றார்கள்.
வந்ததெல்லாம் சேறு.
கூபிக் எது, தண்ணீர் கொடுக்கிற பையன் எது,
எண்ணே தெரியவில்லை.
எட்டு வருடத்தில் முதல் முறையாக
எனக்குக் கருத்து இல்லாமல் போனது.

இரண்டாம் அலசலில்தான் ஏழு தெரிந்தது.
நெஞ்சில் நீளமாக ஒரு நீலக் கீறல்.
எதிரணி ஹெல்மெட்டின் பெயிண்ட்.
பந்து கையில் இல்லாதபோது
எவனுக்கோ குறுக்கே போய் விழுந்திருக்கிறான்
மடிப்புக் கலையாத அந்தப் பிள்ளை.
மூன்று முறை தேய்த்தேன். போகவில்லை.
நான்காவது முறை தேய்க்கவில்லை.

இரவு பத்துக்குக் கதவைத் தட்டினான் ஓர்டாஸ்.
இன்றைக்கு இரண்டு உதையும் உள்ளே போயிற்று, மிஸ் வெர்னா,
வலக்கால் சாக்ஸை மட்டும்
துவைக்காமல் வைத்துக்கொடுப்பீர்களா?

சரி என்றேன்.
அவன் கேட்கும்போதே அது
மூன்றாம் இயந்திரத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

உலர்த்தி, மடித்து, பிறகு யோசித்து
மடிப்பைக் கலைத்து
கொஞ்சம் கசக்கி வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை ராஸ்கோவில் ஆட்டம்.